இரண்டரை மணி ஸ்டெதாஸ்கோப்

கார்த்திகை மாதம் முதல் திங்கட்கிழமை, மதியம் இரண்டரை மணிக்கு, புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட்டில் கமிஷன் கடை மூக்கையா அண்ணாச்சி ஒரு கேரளத்து வியாபாரியிடம் விலை பேசிக்கொண்டிருந்தபோது, அவருடைய நெஞ்சின் இடப்பக்கத்தில் ஸ்டெதாஸ்கோப் வைக்கப்பட்டது. வைத்தவர் எங்கள் ஊர் நயினார் டாக்டர். அவர் அப்போது வேல்ஸ் நாட்டில், மலையடிவாரத்து ஆஸ்பத்திரி ஒன்றில், வேலைக்குச் சேர்ந்த முதல் நாளின் முதல் நோயாளியான ஒரு வெள்ளைக்காரப் பாட்டியம்மாவின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அங்கே மணி காலை ஒன்பது. அண்ணாச்சி பேச்சை நிறுத்தி, சட்டைப் பொத்தான் இரண்டைக் கழற்றி, பதினோரு வருடப் பழக்கத்தில் மூச்சை நன்றாக இழுத்து விட்டார். வியாபாரியும் என்னவோ ஏதோவென்று தானும் ஒரு மூச்சு இழுத்து விட்டார்.

பத்து நிமிடம் கழித்து அண்ணாச்சிக்கு வாட்ஸ்அப்பில் அழைப்பு வந்தது.

"அண்ணாச்சி, பிரஷர் மாத்திரைய நிறுத்திட்டீங்களா?"

"முந்தாநாளு தீந்துட்டு சார். வாங்கணும். ஆமா, ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"நாலு துடிப்புக்கு ஒண்ணு விட்டுவிட்டு அடிக்கே. அது ஒங்க நெஞ்சுதான். எனக்குத் தெரியாதா?"

"அதானே பாத்தேன். ஐஸ்கட்டி மாதிரி இருந்துது சார். கொஞ்சம் உள்ளங்கையில தேய்ச்சு வச்சா நல்லாருக்கும்."

சரி என்றார் டாக்டர். அன்று முதல் அவர் ஸ்டெதாஸ்கோப்பை உள்ளங்கையில் நன்றாகச் சூடுபறக்கத் தேய்த்துத்தான் யார் நெஞ்சிலும் வைத்தார். அந்த ஊர் நோயாளிகள் இத்தனை இதமான கையுள்ள டாக்டரைப் பார்த்ததே இல்லை என்று ஆஸ்பத்திரிக்குப் பாராட்டுக் கடிதம் எழுதினார்கள். அதற்குக் காரணம் எங்கள் மூக்கையா அண்ணாச்சி என்பது அவர்களுக்குத் தெரியாது.

இந்தச் செய்தி சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் பரவியது. யாருக்கும் இதில் பெரிய ஆச்சரியம் இல்லை. துபாயில் இருக்கிற பிள்ளை இங்கே தாயார் என்ன குழம்பு வைக்கிறாள் என்று போனில் எட்டிப் பார்த்துச் சொல்கிறான், அமெரிக்காவில் இருக்கிற மருமகள் அங்கே உட்கார்ந்தபடியே இங்கே மாமியார்மேல் கோபப்படுகிறாள், அப்படியிருக்க வேல்ஸில் இருக்கிற டாக்டர் புளியங்குடிக்காரன் நெஞ்சைக் கேட்பதில் என்ன அதிசயம் என்று எல்லோரும் அவரவர் வேலையைப் பார்த்தார்கள். ஆனால் மறுநாள் இரண்டரை மணிக்கு ஊரில் முக்கால்வாசிப் பேர் துவைத்த பனியன் போட்டிருந்தார்கள்.

பிறகு அது வழக்கமாகிவிட்டது. இரண்டரை மணி ஆனால் கடைக்காரர்கள் பொட்டலம் மடிப்பதை நிறுத்துவார்கள், பெண்கள் முந்தானையைச் சரிசெய்துகொள்வார்கள், பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் விசிலை வாயில் வைத்தபடி காத்திருப்பார், அப்புறம் எங்காவது ஒரு மூலையில் ஒருவர் திடீரென்று நிமிர்ந்து உட்கார்ந்து மூச்சை இழுத்து விடுவார். சுற்றியிருப்பவர்கள் "சத்தம் போடாதிய, டாக்டர் வச்சிருக்காரு" என்று வாயில் விரலை வைப்பார்கள். ஸ்டெதாஸ்கோப் முதுகுப் பக்கம் போனால் முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்வார்கள், அங்கே முதுகைப் பார்க்க யாரும் இல்லாவிட்டாலும். ஒரே வாரத்தில் மூன்று தடவை வைக்கப்பட்டவர்கள் தெருவில் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தித்தான் நடந்தார்கள். ஒரு தடவைகூட வைக்கப்படாதவர்கள் அவர்களைப் பார்த்து, நோய் இருக்கிறவனுக்குத்தானே வைப்பார்கள் என்று பொருமினார்கள். தஞ்சாவூரிலிருந்து புதிதாக மாற்றலாகி வந்திருந்த பேங்க் மேனேஜருக்கு மட்டும் வரவே இல்லை. மனிதர் தினமும் இரண்டரைக்குக் கதவைச் சாத்திக்கொண்டு சட்டையைக் கழற்றி உட்கார்ந்து பார்த்துவிட்டு, கடைசியில் இந்த ஊரில் வெளியூர்க்காரனுக்கு மதிப்பில்லை என்று மேலிடத்துக்கு மாற்றல் கேட்டு எழுதினார்.

சங்கடங்களும் இல்லாமல் இல்லை. ஜெபக்கனி டீச்சருக்கு ஒருநாள் டாக்டரிடமிருந்து போன் வந்தது. நெஞ்சு நிமிடத்துக்கு நூற்றிருபது அடிக்கிறதே, என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்டார். பள்ளிக்கூட மாடிப்படி ஏறினேன் என்றார் டீச்சர். அந்தப் பள்ளிக்கூடத்துக்கு மாடியே கிடையாது. டாக்டர் பெரிய மனிதர், அதற்குமேல் கேட்கவில்லை. ஆனால் பக்கத்தில் நின்ற பி.டி. வாத்தியார் முகம் சிவந்ததை ஆறாம் வகுப்பு முழுவதும் பார்த்துவிட்டது. தை மாதம் இரண்டு பேருக்கும் கல்யாணம் நடந்தது. மொய் எழுதும்போது டாக்டர் பெயரையும் சேர்த்து எழுதினார்கள்.

பங்குனி நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோடை வருகிறதென்று, அந்த நாட்டுக்காரர்கள் கடிகாரத்தையெல்லாம் ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தார்கள். அதற்கு மறுநாள் இரண்டரைக்கு வரவேண்டியது ஒன்றரைக்கே வந்து, ஊர் முழுக்கச் சாப்பாட்டு இலையில் கை வைத்திருந்தபோது பிடிபட்டது. இப்படிச் சொல்லாமல் கொள்ளாமல் நேரத்தை மாற்றுகிறவர்கள் எப்படி உருப்படுவார்கள் என்று எங்கள் ஊரில் பிரிட்டிஷ் அரசாங்கத்தைத் திட்டினார்கள். எழுபத்தைந்து வருடத்துக்குப் பிறகு அன்றுதான் அப்படித் திட்டினார்கள்.

இங்கே இப்படி என்றால், அங்கே நயினார் டாக்டரின் பாடு நாய் படாத பாடாக இருந்தது.

அவர் வேல்ஸுக்குப் போனது சும்மா போகவில்லை. முப்பத்தொன்பது வயதில் மறுபடி பள்ளிக்கூடப் பிள்ளையாகி, கிளினிக் முடிந்து வந்து கொட்டாவி விட்டுக்கொண்டே படித்து, இரண்டு பரீட்சை எழுதி, அதற்குமேல் ஆங்கிலம் பேசத் தெரியும் என்பதற்குத் தனியாக ஒரு பரீட்சை எழுதிப் போனவர். போன இடத்தில் ஒரு பேக்கரிக்கு மேலே ஒற்றை அறை. ஒருபக்கம் மழை, மற்றப் பக்கம் ஆடு. அந்த ஊர்க்காரர்களின் நோயைப் புரிந்துகொள்ளவே அவருக்கு இரண்டு மாதம் பிடித்தது. எங்கள் ஊரில் ஒருவர் "செத்தே போயிட்டேன் சார்" என்று வந்தால் ஜலதோஷம் என்று அர்த்தம். அங்கே ஒருவர் "தொந்தரவுக்கு மன்னிக்கணும், கொஞ்சம் சுமாராக இருக்கிறது" என்றால் உடனே ஆக்சிஜன் வைக்கவேண்டும். எங்கள் ஊரில் நாடியைப் பிடித்தபடியே பாதி வைத்தியம் முடிந்துவிடும். அங்கே தொடுவதற்கு முன்னால் தொடலாமா என்று கேட்கவேண்டும், தொட்ட பிறகு நன்றி சொல்லவேண்டும், அதற்கப்புறம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து தொட்டதைப் பற்றிப் பதினாறு கட்டத்தில் எழுதவேண்டும். ஊசி போடச் சொல்லி யாருமே கேட்பதில்லை. அவருக்கு அது பெரிய குறையாக இருந்தது.

இதையெல்லாம் தாங்கிக்கொள்ளலாம். ஆனால் யார் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தாலும் அவருக்குப் புளியங்குடிதான் கேட்டது. எண்பது வயதுப் பாட்டியம்மாவின் நெஞ்சில் ஜெபக்கனி டீச்சர் படபடத்தார். கல்லூரி மாணவன் ஒருவனின் நுரையீரலில் டெய்லர் ஆதிமூலத்தின் இருபது வருடத்துப் பீடி கரகரத்தது. டாக்டர் கேட்டதைக் கேட்டபடி எழுதுவார். பிறகு ஸ்கேன் எடுத்தால் பாட்டியம்மாவும் மாணவனும் கல்லுக்குண்டாக இருப்பார்கள். உள்ளபடியே நெஞ்சில் கோளாறு இருந்தவர்களுக்கோ, அவர்கள் நேரம் பார்த்து மூக்கையா அண்ணாச்சி வந்து நாலுக்கு ஒன்று விட்டு அடித்துக்கொண்டிருப்பார்.

அங்கே அவருக்கு மேலே இருந்த பெரிய டாக்டர் ஒரு பெண்மணி, புரோபர்ட் என்று பெயர், அறுபது வயது, நல்ல உயரம். மெஷின் சொல்வதற்கு முன்னால் காது சொல்லவேண்டும் என்ற பழைய கட்சிக்காரர். அவர் ஒருநாள் நயினார் டாக்டரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, தேநீர் கொடுத்து, மிகவும் மரியாதையாகச் சொன்னார்.

"டாக்டர் நயினார், உங்களை எல்லோருக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் இல்லாததையெல்லாம் கேட்கிறீர்கள், இருப்பது எதுவும் உங்களுக்குக் கேட்பதில்லை. மே மாதம் பதினான்காம் தேதி காலை பத்து மணிக்கு என் முன்னால் ஒரு நோயாளியைக் கேட்டுச் சொல்லுங்கள். சரியாகச் சொன்னால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் ஆறு மாதத்தோடு நாம் பிரியவேண்டியிருக்கும்."

வேலை நிரந்தரமானால்தான் மனைவிக்கும் மகளுக்கும் விசா. மனைவி உலகம்மை இங்கே ஆறு மாதமாக இரண்டு பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, நல்லெண்ணெய் டப்பாவை வைக்கலாமா வேண்டாமா என்று வைப்பதும் எடுப்பதுமாக இருந்தாள். மகள் வகுப்பில் எல்லோரிடமும் டாட்டா சொல்லிவிட்டு, போகாமல் அங்கேயே படித்துக்கொண்டிருந்தாள்.

அன்று டாக்டர் தன் பழைய கிளினிக்கின் ஆரோக்கியம் சிஸ்டருக்குப் போன் போட்டார். இருபது வருடம் ஊருக்கே ஊசி போட்டவர் ஆரோக்கியம் சிஸ்டர். அவர் முறைத்தால் பாதிக் காய்ச்சல் இறங்கிவிடும்.

"சிஸ்டர், நான் ஊரையே காதுல மாட்டிக்கிட்டுத் திரியுதேன். இங்க உள்ள மனுசங்க ஒருத்தர்கூட எனக்குக் கேக்கல. இப்பிடியே போனா என்னை அனுப்பிருவாவ. அழுகையா வருது சிஸ்டர்."

"அழாதிய சார். நான் பாத்துக்கிடுதேன்" என்றார் சிஸ்டர்.

சிஸ்டர் அன்றே தெருத்தெருவாகப் போய், வைக்கப்பட்டவர்களையெல்லாம் நிறுத்திவைத்து, வைத்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தாய் என்று விசாரித்தார். ஒருவர் கறி வெட்டிக்கொண்டிருந்தார், ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார், ஒருவர் மைத்துனனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். எல்லோருக்கும் பொதுவாக ஒன்றும் தட்டுப்படவில்லை. பிறகு, மனதுக்குள் என்ன ஓடிக்கொண்டிருந்தது என்று கேட்டார்.

"நம்ம டாக்டரு இருந்தா இந்த இருமலுக்கு ஒரு ஊசி போட்டிருப்பாரேன்னு நினைச்சேன்" என்றார் ஆதிமூலம்.

"இந்த மனுசன் நம்மள விட்டுட்டுப் போயிட்டாரேன்னு நெஞ்சு எரிஞ்சுது" என்றார் மூக்கையா அண்ணாச்சி.

ஜெபக்கனி டீச்சர், டாக்டரிடம் மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று நினைத்தேன் என்றார். எல்லோருடைய பதிலும் இதே ரகம்தான். அந்த நொடியில் யார் முந்திக்கொண்டு அவரை நினைக்கிறார்களோ அவர்கள் நெஞ்சுதான் அவருக்குக் கேட்கிறது என்று சிஸ்டருக்குப் புரிந்துபோயிற்று. கிளினிக்கிலும் அப்படித்தான், டோக்கன் முறை என்று போர்டு இருந்தாலும் முண்டியடித்து முந்துகிறவர்தான் உள்ளே போவார்.

சிஸ்டர் கல்யாண மண்டபத்தில் ஊரைக் கூட்டினார்.

"மே பதினாலாம் தேதி மதியம் ரெண்டரைக்கு, அங்க அப்ப காலைல பத்து மணி, ஒரு பத்து நிமிசம், இந்த ஊருல ஒரு குஞ்சு குளுவான்கூட நம்ம டாக்டரை நினைக்கக் கூடாது. நினைச்சா அவரு பொழப்பு போச்சு. அந்தப் பிள்ளை உலகம்மை பெட்டியக் கட்டி வச்சிக்கிட்டு உக்காந்திருக்கா. வெளங்குதா?"

எல்லோருக்கும் விளங்கியது. டாக்டருக்காக உயிரையே கொடுப்போம், நினைக்காமலிருப்பது என்ன பெரிய காரியம் என்று கைதட்டிக் கலைந்தார்கள். கைதட்டலோடு நிற்காமல் வர்த்தகர் சங்கம் மறுநாளே பஸ் ஸ்டாண்டில் இருபதடிக்குப் பத்தடியில் ஒரு ஃப்ளெக்ஸ் வைத்தது. நடுவில் நயினார் டாக்டர் சிரித்தபடி கைகூப்பிக்கொண்டிருந்தார். மேலே 'மக்கள் மருத்துவரை மறப்போம்' என்றும், கீழே 'அனைவரும் திரண்டு வந்து மறக்குமாறு அன்புடன் அழைக்கிறோம்' என்றும், அதற்கும் கீழே சங்கத்து நிர்வாகிகள் முப்பத்தாறு பேரின் படமும் இருந்தன. அந்த வழியாகப் போன ஒவ்வொருவரும் ஒரு நிமிடம் நின்று, பாவம் நல்ல மனுசன் என்று சொல்லிவிட்டுத்தான் போனார்கள். சிஸ்டர் தானே ஏணி போட்டு ஏறி அதைக் கிழித்தார்.

ஒத்திகை பார்த்தார்கள். அதுவும் சரிப்படவில்லை. பத்து நிமிடம் யாரை நினைக்கக் கூடாது என்பது மறந்துவிடாமலிருக்க எல்லோரும் அவர் பெயரை மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அன்று வேல்ஸில் ஒரே நெஞ்சில் நாற்பத்திரண்டு பேர் கேட்டதாக டாக்டர் போன் செய்து அலறினார்.

கடைசியில் சிஸ்டருக்கு ஒரு யோசனை தோன்றியது. ஒரு டாக்டரை மனதிலிருந்து இறக்கவேண்டுமானால் இன்னொரு டாக்டரைத்தான் ஏற்றவேண்டும். நயினார் டாக்டரின் கிளினிக்குக்கு எதிர்ச்சாரியில் கடையநல்லூர் சம்சாத் பேகம் டாக்டர் கிளினிக் வைத்து எட்டு மாதம் ஆகியிருந்தது. கெட்டிக்காரப் பெண், மதுரையில் தங்க மெடல் வாங்கியவர். ஆனால் எங்கள் ஊர் ஒரு டாக்டரிடம் மனதைக் கொடுத்துவிட்டால் லேசில் திரும்ப வாங்காது. எட்டு மாதத்தில் அவரிடம் வந்தது ஒன்பது பேர். அதில் நான்கு பேர் எதிரே கிளினிக் எப்போது திறப்பார்கள் என்று கேட்க வந்தவர்கள்.

சிஸ்டர் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "டாக்டரம்மா, பதினாலாம் தேதி ரெண்டரைக்கு நீங்க ஊரையே பாக்கணும்."

"எட்டு மாசமா எட்டிப் பாக்காத ஊருக்கு இப்ப என்ன வந்துச்சு?"

சிஸ்டர் ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். சம்சாத் டாக்டர் முழுக்கக் கேட்டுக்கொண்டார்.

"எனக்கு மனசு வலிக்கத்தான் செய்யுது சிஸ்டர். ஆனாலும் பாக்கேன். ஒரே ஒரு கண்டிஷன். உள்ள வந்து ஒருத்தரும் 'அந்த டாக்டர்னா இப்பிடிப் பாக்க மாட்டாரு'ன்னு சொல்லக் கூடாது."

"சொன்னா நான் நாக்கைத் துண்டா நறுக்கிருதேன்" என்றார் சிஸ்டர்.

மிச்சம் இருந்தது உலகம்மை ஒருத்திதான். சிஸ்டர் வீட்டுக்குப் போய் அவளையும் கூப்பிட்டார்.

"எனக்கு என்ன நோக்காடு சிஸ்டர், நான் எதுக்கு வரணும்? டாக்டர் பொண்டாட்டி இன்னொரு டாக்டர்கிட்ட போய் நின்னா பாக்குதவங்க என்ன சொல்லுவாங்க?"

"நினைச்சிரப்பிடாதே தாயி."

"பதிமூணு வருசக் குடித்தனம் சிஸ்டர். எத்தனையோ நாளு அவரை நினைக்காம இருந்திருக்கேன். கிரைண்டர்ல மாவைப் போட்டுட்டுப் பக்கத்துல உக்காந்துக்கிடுதேன். அந்தச் சத்தத்துல எனக்கு என் பேரே நினைப்பு வராது."

பதினாலாம் தேதி வந்தது. இரண்டு மணிக்கே சம்சாத் டாக்டர் கிளினிக்கிலிருந்து பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் வரிசை. முன்விரோதம் உள்ளவர்கள்கூட ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கிளினிக் ஹாலில் ஐம்பது பேரை உட்காரவைத்து, சம்சாத் டாக்டர் அவர்களுக்கு நடுவில் நடந்தபடி, ஒருவர் நெஞ்சில் வைத்து எடுத்ததும் அடுத்தவர் நெஞ்சில் வைத்தார். மூக்கையா அண்ணாச்சி முறை வந்தபோது அவர் தன்னையறியாமல் "இதே இடத்துலதாம்மா நம்ம..." என்று ஆரம்பித்தார். சிஸ்டர் பின்னாலிருந்து இடுப்பில் ஒரு கிள்ளு கிள்ளினார். பிறகு அண்ணாச்சிக்கு இடுப்பைத் தவிர வேறு நினைப்பில்லை. பேங்க் மேனேஜர் வாழ்க்கையில் முதல் தடவையாக இந்த ஊரில் தன் நெஞ்சிலும் ஒருவர் ஸ்டெதாஸ்கோப் வைத்ததில் கண் கலங்கி, போன மாதம் எழுதிய மாற்றல் விண்ணப்பத்தை மனதுக்குள்ளேயே வாபஸ் வாங்கினார். சரியாக இரண்டரை மணிக்கு எங்கள் ஊரில் ஒருவர் மனதிலும் நயினார் டாக்டர் இல்லை. ஆறு மாதத்தில் முதல் தடவையாக அவர் எங்களை விட்டுப் போயிருந்தார்.

அதே இரண்டரை மணிக்குக் கரண்டு போயிற்று.

கிளினிக்கில் ஜெனரேட்டர் இருந்தது. உலகம்மை வீட்டில் அது கிடையாது. கிரைண்டர் இரண்டு சுற்று தானாகச் சுற்றி நின்றது. வீடு அமைதியாகிவிட்டது. அவள் முதலில் உளுந்தைப் பற்றி நினைத்தாள், அப்புறம் மின்வாரியத்தைப் பற்றி, அப்புறம் மகளின் பள்ளிக்கூட வேனைப் பற்றி. அதற்குமேல் நினைக்க எதுவும் கிடைக்கவில்லை. இந்நேரம் அந்த மனிதர் பரீட்சைக்குப் போய் நின்றிருப்பாரே, காலையில் ஏதாவது தின்றாரோ என்னவோ என்று அவள் ஒரு நொடி நினைத்தாள். நெஞ்சின் மேல் வட்டமாக, வெதுவெதுப்பாக ஒன்று வந்து உட்கார்ந்தது. ஐயோ கெடுத்துவிட்டேனே என்று அவள் மாவுக் கையோடு தலையில் அடித்துக்கொண்டாள்.

வேல்ஸில் படுக்கையில் இருந்தவர் கெத்தின் என்ற ஆட்டுப் பண்ணைக்காரர். பக்கத்தில் புரோபர்ட் அம்மையார் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். நயினார் டாக்டர் தொடலாமா என்று கேட்டார், ஸ்டெதாஸ்கோப்பைத் தேய்த்து வைத்தார், கண்ணை மூடினார். மூக்கையா இல்லை, டீச்சர் இல்லை, ஆதிமூலம் இல்லை. அவருக்குத் தெரியாத ஒரு நெஞ்சு கேட்டது. ஆகா, கடைசியில் இந்த நாட்டு நெஞ்சு ஒன்று கேட்டுவிட்டது என்று அவர் சந்தோஷப்பட்டார். இடப்பக்கமாகத் திரும்பிப் படுக்கச் சொன்னார், கெத்தின் திரும்பினார். புளியங்குடியில் உலகம்மை ஏனென்று தெரியாமல் இடப்பக்கம் சரிந்து சுவரில் சாய்ந்தாள். டாக்டர் நீண்ட நேரம் கேட்டார்.

"முதல் சத்தம் உரத்து அடிக்கிறது. இரண்டாவதற்குப் பின்னால் சின்னதாக ஒரு சொடுக்கு. அதற்குப் பின்னால் அடியில் உருளுகிற மாதிரி ஒரு முனகல். மைட்ரல் வால்வு சுருங்கியிருக்கிறது. சின்ன வயதில் மூட்டுக் காய்ச்சல் வந்திருக்கவேண்டும். சுருக்கம் நன்றாகவே முற்றிவிட்டது."

புரோபர்ட் அம்மையார் பேனாவை மூடினார். "மன்னிக்கவேண்டும் டாக்டர் நயினார். கெத்தினுக்குக் கோளாறு வேறு வால்வில். பத்து வருடமாகத் தெரிந்த விஷயம். நீங்கள் சொன்ன நோயை நான் இந்த ஊரில் முப்பது வருடமாகப் பார்த்ததில்லை. அது உங்கள் ஊர்ப்பக்கம்தான் இருக்கும்."

டாக்டருக்கு வேலை போனது அப்போது உறைக்கவில்லை. எங்கள் ஊர்ப்பக்கம் என்றால் யார்? ஊரில் அவர் கேட்காத நெஞ்சே கிடையாதே! முனிசிபாலிட்டி சேர்மனிலிருந்து தினமும் வந்துபோகிற தபால்காரர் வரை வரிசையாக நிறுத்திப் பார்த்தார், யாருமில்லை. அப்புறம் அவருக்கு விளங்கியது. பதினோரு வருடம் ஊரை முழுக்கக் கேட்டவர், ஒரே ஒருத்தி நெஞ்சில் மட்டும் ஸ்டெதாஸ்கோப்பை வைத்ததே இல்லை. அவள் கடைசி நோயாளி போகும்வரை சாப்பாட்டை மூடி வைத்துக்கொண்டு காத்திருப்பாள். நினைப்பிலும் அவள் முண்டியடிக்கவில்லை. இன்றைக்கு ஊரே ஒதுங்கி நின்றதால் கேட்டாள்.

பரீட்சை அறையில் போனை எடுக்கக் கூடாது என்பது சட்டம். அவர் எடுத்தார்.

முதல் மணியிலேயே உலகம்மை எடுத்து அழ ஆரம்பித்தாள். "என்னை மன்னிச்சிருங்க. கொஞ்சூண்டுதான் நினைச்சேன். கரண்டு போயிட்டு. பரீட்சை போச்சா?"

"பரீட்சை கெடக்கட்டும். உலகு, படியேறினா ஒனக்கு மூச்சு வாங்குதா?"

அந்தப் பக்கம் உலகம்மை மூக்கைச் சிந்தினாள்.

"உலகு?"

"ரெண்டு வருசமா வாங்குது. ஒங்ககிட்ட சொன்னேன். எடையைக் குறைன்னு சொன்னீங்க. அப்புறம் ஒருநாள் சொன்னேன், காப்பியை நிறுத்துன்னீங்க. நிறுத்திட்டேன்."

டாக்டருக்கு அழுகை வந்துவிட்டது. வெள்ளைக்காரர்கள் முன்னால், ஆட்டுக்காரர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, நாற்பது வயது மனிதர் தேம்பினார். "இப்பவே சம்சாத் டாக்டர்கிட்ட போ. மாவை அப்பிடியே விட்டுட்டுப் போ. நான் சொன்னேன்னு சொல்லு."

"அங்க ஒங்க பேச்சையே எடுக்கக் கூடாதாம். டாக்டரம்மா கண்டிஷன்."

"அப்ப ஒனக்கு மூச்சு வாங்குதுன்னு சொல்லு!"

அவள் மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு போய் வரிசையின் கடைசியில் நின்றாள். ஆரோக்கியம் சிஸ்டர் பார்த்துவிட்டு, ஊரையே விலக்கிக்கொண்டு அவளை உள்ளே அழைத்துப் போனார். சம்சாத் டாக்டர் வைத்து, எடுத்து, மறுபடி வைத்து, ஹாலில் இருந்த ஐம்பது பேரையும் வெளியே போகச் சொன்னார். "ஏன்க்கா இத்தனை நாள் வரல? எதிர்ச்சாரியிலதானே இருக்கேன்?" என்று கேட்டார். மறுநாள் திருநெல்வேலியில் எக்கோ எடுத்தார்கள். இரண்டு பேர் காதும் சொன்னதையே மெஷினும் சொன்னது. பலூன் விட்டு வால்வைத் திறந்துவிடலாம், இன்னும் ஆறு மாதம் போயிருந்தால் கஷ்டம் என்றார்கள்.

வேல்ஸில் நயினார் டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு புரோபர்ட் அம்மையாரிடம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னார். அம்மையார் குறுக்கே பேசாமல் கேட்டார். கெத்தினும் கேட்டார், கேட்டுவிட்டு, என் நெஞ்சு வழியாக ஒரு பெண்பிள்ளை பிழைத்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை என்று சொல்லிச் சட்டையைப் போட்டுக்கொண்டார்.

"எதிரே இருக்கிறவர் நெஞ்சைக் கேட்காத ஒருவரை நான் தேர்ச்சி என்று எழுத முடியாது" என்றார் அம்மையார். "ஆனால் இன்னொருவர் நெஞ்சுக்குள் இத்தனை தூரத்திலிருந்து அந்த முனகலைக் கேட்ட காதை வீட்டுக்கு அனுப்பவும் மாட்டேன். இன்னும் மூன்று மாதம் தருகிறேன். முதலில் ஊருக்குப் போங்கள். மனைவியைக் குணமாக்கிக் கூட்டிக்கொண்டு வாருங்கள். விசாவுக்கு நான் கடிதம் எழுதுகிறேன்."

மூன்றாம் நாள் காலையில் நயினார் டாக்டர் வந்து இறங்கியபோது, ஊர் அவர் வீட்டு வாசலில் திரண்டிருந்தது. இனி நினைக்கலாம் என்று சிஸ்டர் அனுமதி கொடுத்துவிட்டதால், அடக்கிவைத்ததையெல்லாம் சேர்த்து எல்லோரும் அவரையே நினைத்துக்கொண்டு நின்றார்கள். மூக்கையா அண்ணாச்சி மாலையோடு முன்னால் வந்தார். டாக்டர் யாரையும் பார்க்காமல், செருப்பைக்கூடக் கழற்றாமல், நேரே அடுக்களைக்குள் போய் உலகம்மையை முக்காலியில் உட்காரவைத்து, பையிலிருந்து ஸ்டெதாஸ்கோப்பை எடுத்தார்.

"சம்சாத் டாக்டர் பாத்தாச்சு, எக்கோ எடுத்தாச்சு, பலூனுக்குத் தேதியும் குடுத்தாச்சு. இனிமே நீங்க வேற எதுக்கு?" என்றாள் அவள்.

"எனக்குக் கேக்கணும் உலகு."

வாசலில் முந்நூறு பேர் அவரை நினைத்துக்கொண்டிருந்தார்கள். அவர் காதில் அவர்களில் ஒருவர்கூட விழவில்லை. கண்ணை மூடிக்கொண்டு அவர் வெகுநேரம் கேட்டார். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, அப்போதும் எடுக்கவில்லை.

"என்னதான் சொல்லுது?" என்று கேட்டாள் உலகம்மை.

"நீ ரெண்டு வருசமாச் சொன்னதையேதான் சொல்லுது" என்றார் டாக்டர்.